தளபதி எதைப் பார்த்தார், எதைப் புரிந்துகொண்டார்: கட்டளைச் சோதனைகளைப் பற்றி ஒரு விரிவான பதில்

உதகையில் உளவியல் முதுகலை படிக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். போர்க்களத்தை மாதிரியாக அமைத்து நடத்தும் கட்டளைச் சோதனைகளில், தளபதிக்குக் களநிலை எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. கூடுதல் தகவல் கிடைத்தால் அவருடைய முடிவும் அந்த அளவுக்கு மேம்படுமா என்பது இரண்டாவது. அருவங்காட்டில் பிறந்து, வெலிங்டன் வழியாகவே பள்ளிக்குப் போய்வந்ததால் படை அலுவலர்களுக்கான ஸ்டாஃப் காலேஜில் அவர்களுக்கு என்னதான் கற்றுத்தருகிறார்கள் என்ற ஆர்வம் சிறு வயதிலிருந்தே உண்டு என்றும், ஆய்வுத் திட்டத்துக்கு இந்தப் பொருளையே எடுக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். படைப் பயிற்சிகளில் நடுவராகவும் பதிவாளராகவும் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் குடியிருப்பவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திரையிலும் வரைபடத்திலும் என்ன இருந்தது என்பதை அளப்பது எளிது. தளபதியின் மனத்தில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்பதை அளப்பது மிகக் கடினம். பல சோதனைகள் முதலாவதை அளந்துவிட்டு, இரண்டாவதையும் அளந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றன. உங்கள் இரண்டு கேள்விகளுக்குமான விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

களநிலை அறிவு என்பதற்கு இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்தாளும் விளக்கம் மைக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளருடையது. போர் விமானிகளை வைத்துத் தம் ஆய்வைத் தொடங்கிய அவர், 1995-இல் அதை முழுமையான கோட்பாடாக வெளியிட்டார். அதன்படி களநிலை அறிவுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. சுற்றிலும் உள்ளவற்றைக் கவனித்தல் முதல் அடுக்கு. கவனித்தவற்றின் பொருளைப் புரிந்துகொள்ளுதல் இரண்டாவது. அடுத்த சில நிமிடங்களில் நிலைமை எப்படி மாறும் என்று முன்கணித்தல் மூன்றாவது. பாலத்தருகே நான்கு வண்டிகள் நிற்கின்றன என்பது முதல் அடுக்கு. அவை பாலம் அமைக்கும் பொறியாளர் வண்டிகள், ஆகவே எதிரி இங்கேதான் ஆற்றைக் கடக்க எண்ணுகிறான் என்பது இரண்டாவது. விடிவதற்குள் அவனுடைய முன்னணிப் படை இக்கரையில் இருக்கும் என்பது மூன்றாவது. கருவிகள் பெரும்பாலும் முதல் அடுக்கையே தருகின்றன. தளபதிகள் தவறுவதோ பெரும்பாலும் இரண்டாவது அடுக்கில்.

இதற்கு நெஞ்சை உலுக்கும் சான்று 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் நடந்தது. வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655 என்ற பயணிகள் விமானத்தைத் தன்னைத் தாக்க வரும் போர் விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 290 பேரும் இறந்தார்கள். அந்தக் கப்பலில் இருந்த ஏஜிஸ் அமைப்பு அக்காலத்தின் மிக உயர்ந்த கண்காணிப்புக் கருவிகளுள் ஒன்று. விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அது சரியாகவே பதிவுசெய்தது. ஆனால் கட்டளை அறையில் இருந்தவர்கள், விமானம் தங்களை நோக்கி இறங்கி வருகிறது என்று தளபதிக்கு அறிவித்தார்கள். அதே நேரத்தில் கப்பல் ஈரானியப் படகுகளோடு துப்பாக்கிச் சண்டையில் ஈடுபட்டிருந்தது. தாக்குதல் வரும் என்ற எதிர்பார்ப்பு அறை முழுவதும் நிறைந்திருந்தது. எதிர்பார்த்த கதைக்கு ஏற்பத் தகவலை வாசித்துவிட்டார்கள் என்பதே விசாரணையின் சாரம்.

இந்த நிகழ்வுக்குப் பிறகுதான், நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றிய பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்றை 1990-இல் அமெரிக்கக் கடற்படை தொடங்கியது. கட்டளை அறையின் மாதிரியில் அலுவலர் குழுக்களை உட்காரவைத்து, தெளிவற்ற வான்வழித் தடங்களை அவர்கள் முன் வைத்து, அவர்கள் பேசியது, கேட்டது, செய்தது அனைத்தையும் பதிவுசெய்தார்கள். எந்த நடவடிக்கையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவர்களுக்கு இருந்த குழப்பத்தைவிட, நடப்பது என்ன என்று கண்டுகொள்வதில் இருந்த குழப்பமே பெரிது என்பது தெரியவந்தது. நிலைமை இன்னது என்று புரிந்துவிட்டால் செய்யவேண்டியது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடுகிறது.

இனி அளக்கும் முறைகளுக்கு வருகிறேன். உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் இதைப் பொறுத்தே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதிகம் கையாளப்படும் முறையும் எண்ட்ஸ்லி வகுத்ததே. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பில்லாத ஒரு நொடியில் அதை அப்படியே நிறுத்துவார்கள். திரைகள் அணைக்கப்படும், வரைபடங்கள் மூடப்படும். உடனே தளபதியாக ஆடுபவரிடம் கேள்விகள் வைக்கப்படும். எதிரியின் கவச வண்டிகள் எங்கே உள்ளன, உங்கள் இடப்பக்கத்தில் உள்ள கம்பெனி என்ற படைப்பிரிவிடம் எரிபொருள் எவ்வளவு மீதி இருக்கிறது, அடுத்த 15 நிமிடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து தாக்குதல் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பன போன்றவை. அந்த நொடியில் உண்மையான நிலை என்ன என்பது நடுவரிடமோ கணினியிடமோ பதிவாகியிருக்கும். விடைகளை அதனோடு ஒப்பிட்டால் மனத்துக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளி எண்ணாகக் கிடைத்துவிடும்.

இந்த முறையின் வலிமை, முடிவு தெரிவதற்கு முன்பே மனநிலையைப் பிடித்துவிடுவது. ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் எல்லோரும் எதிர்பார்த்திருந்ததாகத்தான் சொல்வார்கள். அது பொய்யும் அல்ல. விளைவு தெரிந்தபின் நினைவு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்பதை பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இலேயே சோதனைகள் வழியாகக் காட்டினார். குறை என்னவென்றால், நிறுத்தம் ஆட்டத்தின் ஓட்டத்தை அறுக்கிறது. கேள்விகள் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆடுபவருக்குச் சொல்லிக்கொடுத்தும் விடுகின்றன. எரிபொருளைப் பற்றி ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த நிறுத்தம் வரை அவர் எரிபொருளையே கவனித்துக்கொண்டிருப்பார். தகவலை மனத்தில் வைத்திராமல், வேண்டும்போது எங்கே பார்ப்பது என்று மட்டும் அறிந்திருக்கும் நல்ல தளபதிக்கும் இந்த முறை குறைந்த மதிப்பெண் தரக்கூடும். அதற்கு மாற்றாக, திரையை மூடாமல், ஆட்டத்தை நிறுத்தாமல், வானொலிச் செய்தி போலவே ஒரு கேள்வியை அனுப்பி, விடை சரியா என்பதோடு விடை வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் அளக்கும் முறை ஒன்று உண்டு. தகவல் எங்கே என்று அறிந்தவர் விரைவாகச் சொல்வார்.

ஆடுபவரையே தம் களநிலை அறிவுக்கு மதிப்பெண் போடச் சொல்லும் முறையும் உண்டு. செலவும் சிரமமும் இல்லாததால் பலரும் விரும்புகிறார்கள். இதை மட்டும் தனியாக நம்பிவிடாதீர்கள். தமக்குத் தெரியாதது எவ்வளவு என்பதை அறியாதவர்தான் இதில் உயர்ந்த மதிப்பெண் போட்டுக்கொள்வார். நிறுத்த முறையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இதற்கு வேறொரு பெரும் பயன் கிடைக்கிறது. உண்மையான அறிவுக்கும் தம் அறிவு பற்றிய நம்பிக்கைக்கும் இடையிலான வேறுபாடு தெரிந்துவிடும். அறிவு குறைவாகவும் நம்பிக்கை அதிகமாகவும் இருக்கும் தளபதியே களத்தில் மிக ஆபத்தானவர்.

தகவலைக் கட்டுப்படுத்துவதுதான் இத்தகைய சோதனைகளின் உயிர்நாடி. 1824-இல் பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட போர் விளையாட்டிலேயே இதற்கு அடித்தளம் போடப்பட்டுவிட்டது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அலுவலர், தம் தந்தை உருவாக்கிய விளையாட்டை வளர்த்தெடுத்து, இரு தரப்பையும் பிரித்து, உண்மை நிலையை நடுவர் மட்டுமே அறியும்படி வைத்தார். நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு 1942-இல் லிவர்பூல் நகரில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படை அமைத்த சிறு பயிற்சிப் பிரிவு. கணினி இல்லை, திரையும் இல்லை. ஒரு பெரிய அறையின் தரையே கடல். கப்பல்களின் தடங்களைச் சாக்கட்டியால் வரைந்தார்கள். வாணிபக் கப்பல்களுக்குத் துணையாகச் செல்லும் பாதுகாவல் கப்பல்களின் தளபதிகளாக ஆடியவர்கள் துணித் திரைக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியாக மட்டுமே தரையைப் பார்க்க முடியும். ஜெர்மன் நீர்மூழ்கியின் தடம் பச்சைச் சாக்கட்டியால் வரையப்பட்டது. அவர்கள் நிற்கும் கோணத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு நகர்வும் கடலில் 2 நிமிடத்துக்குச் சமம். அதற்குள் கட்டளை வந்தாக வேண்டும். கடலில் ஒரு தளபதிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அந்த அறையிலும் தெரிந்தது.

அங்கே பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கடலில் போரிட்ட அனுபவம் அவர்களில் யாருக்கும் இல்லை. நீர்மூழ்கிகள் வாணிபக் கப்பல் வரிசைக்கு வெளியே நின்று தாக்குகின்றன என்று கடற்படை நம்பியிருந்தது. நடந்த தாக்குதல்களின் அறிக்கைகளைத் தரையில் மீண்டும் ஆடிப் பார்த்தபோது, அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு உண்மையில் மூழ்கிய கப்பல்களை மூழ்கடிக்க முடியவில்லை. நீர்மூழ்கி பின்புறமிருந்து வரிசைக்கு உள்ளேயே நுழைந்து சுட்டிருந்தால் மட்டுமே எல்லாம் பொருந்தியது. அதிலிருந்து ஒரு புதிய எதிர்த்தாக்குதல் முறை பிறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அலுவலர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். செய்தியைச் சேகரிப்பதில் கடற்படை குறைவைக்கவில்லை. சேகரித்த செய்திகளை எந்தக் கதையில் பொருத்துவது என்பதில்தான் பிழை இருந்தது. மலிவான ஒரு சோதனை அந்தக் கதையையே சோதித்தது.

முடிவெடுத்தல் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வழிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளை எடைபோட்டு, சிறந்ததைத் தேர்வது என்றே பாடத்திட்டங்கள் கற்பிக்கின்றன. நம் படையில் அப்ரிசியேஷன் என்று சொல்லப்படும் எழுத்துப் பயிற்சியும் அந்த ஒழுங்கில் அமைந்ததே. 1980-களில் கேரி கிளைன் என்ற உளவியலாளர், அமெரிக்கப் படையின் ஆய்வு நிதியோடு, அனுபவமுள்ள தீயணைப்புத் தலைவர்களின் 150க்கும் மேற்பட்ட முடிவுகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் அவர்கள் எதையும் ஒப்பிடவே இல்லை என்று கண்டார். நிலைமையைப் பார்த்ததும், இது முன்பு கண்ட இன்ன வகை என்று அடையாளம் கண்டார்கள். உடனே ஒரு வழி தோன்றியது. அதை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். இடறவில்லை என்றால் செயல்பட்டார்கள். எத்தனை மாற்றுவழிகளை யோசித்தார் என்பதை வைத்து அனுபவமுள்ள ஒரு தளபதிக்கு மதிப்பெண் போடும் சோதனை, அவரிடம் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது. அப்ரிசியேஷன் வீண் என்பது இதன் பொருள் அல்ல. நேரம் இருக்கும்போதும், நிலைமை முன்பு கண்ட எதனோடும் பொருந்தாதபோதும், பலர் கூடித் திட்டமிடும்போதும் அது இன்றியமையாதது. புதிய அலுவலருக்கு அதுவே ஊன்றுகோல்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தகவல் பெருகினால் முடிவு மேம்படுமா? ஓரளவு வரை மேம்படும். அதற்குமேல் மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, கவனத்தின் எல்லை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பா நிறுவனம், ஒரு தளபதியும் சில உதவியாளர்களும் கொண்ட சிறு குழு, கணினி மாதிரியில் ஆளில்லா உணர்விகளையும் (சென்சார்கள்) ஆயுதங்களையும் கொண்டு போரிடும் சோதனைகளை நடத்தியது. திரை தந்த களநிலையையும், தளபதி உள்வாங்கிய களநிலையையும் அங்கே தனித்தனியாக அளக்க முயன்றார்கள். இத்துறைக்கு அதுவே பெரிய முன்னேற்றம் என்று கருதுகிறேன். சுடப்பட்ட இலக்கு உண்மையிலேயே அழிந்ததா என்று உறுதிசெய்வதிலேயே தளபதிகளின் நேரமும் உணர்விகளின் நேரமும் பெருமளவு கரைந்தன.

இரண்டாவது, வெற்றிடத்தை வாசிப்பதில் உள்ள ஆபத்து. திரையில் எதிரியின் குறி இல்லாத இடத்தில் எதிரியே இல்லை என்று கண் முடிவுசெய்துவிடுகிறது. அங்கே இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதே பல நேரங்களில் உண்மை. பழைய காகித வரைபடத்தில் இந்த ஆபத்து குறைவு, ஏனெனில் அது முழுமையானது என்று யாரும் நம்புவதில்லை. ஆகவே, எந்தப் பகுதி எப்போது கடைசியாகப் பார்க்கப்பட்டது என்பதையும் திரை காட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

மூன்றாவது, முன்முடிவு. 1999 மே மாதத்தில் கார்கில் பகுதியில் ஊடுருவியவர்களை முதலில் கண்டு சொன்னவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். கண்டவர்கள் சரியாகவே கண்டார்கள். ஆனால் வந்திருப்பவர்கள் சிறு எண்ணிக்கையிலான தீவிரவாதிகள் என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. பாகிஸ்தானின் வடக்கு லைட் இன்ஃபன்ட்ரி படையினர் பல சிகரங்களில் நிலைகொண்டிருப்பது பிறகே புலப்பட்டது. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த மறுஆய்வுக் குழு, உளவுத் தகவல்கள் சேகரிக்கப்பட்டு ஒன்றுசேர்க்கப்படும் முறையில் இருந்த குறைகளை விரிவாக எடுத்துச் சொன்னது. அந்த நிலப்பரப்பில், அந்தப் பருவத்தில், அவ்வளவு பெரிய ஊடுருவல் நடக்காது என்ற எண்ணம் வலுவாக இருந்ததால், வந்த துணுக்குகள் சிறிய கதையிலேயே பொருத்தப்பட்டன. இன்னும் பல செய்திகள் வந்திருந்தாலும் அவையும் அதே கதைக்குள்தான் போயிருக்கக்கூடும்.

ஆகவே, ஆட்டம் தொடங்கும் முன் தளபதியிடம் இரண்டு வாக்கியங்கள் எழுதி வாங்கும் வழக்கத்தை நான் பெரிதும் நம்புகிறேன். என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள், எதைக் கண்டால் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்ற இரண்டே கேள்விகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவற்றை மீண்டும் எழுதச் சொன்னால், எண்ணம் எந்த நேரத்தில், எந்தச் செய்தியால் மாறியது என்பது தெளிவாகிவிடும். மாறவேண்டிய செய்தி வந்தும் மாறாமல் இருந்தது எவ்வளவு நேரம் என்பதை, என் கணிப்பில், எல்லா அளவுகளிலும் முதலாவதாக வைக்க வேண்டும்.

முடிவின் தரத்தை விளைவை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது. நல்ல முடிவு தோற்பதும் மோசமான முடிவு வெல்வதும் போரில் வழக்கம். தளபதி அந்த நேரத்தில் அறிந்திருந்தது, அறிந்திருக்க முடிந்தது, கையில் இருந்த நேரம் ஆகியவற்றை வைத்தே தீர்ப்பு வழங்க வேண்டும். அதே வேளையில், விளைவு பிடிக்கவில்லை என்பதற்காக அதை அழித்துவிடவும் கூடாது. 1942-இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள மிட்வே தீவின் மீதான தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசைப் பயிற்சியில், தங்கள் விமானந்தாங்கிகள் மீது 9 குண்டுகள் விழுந்ததாக வந்த கணக்கை, மேற்பார்த்த அட்மிரல் உகாகி 3 எனக் குறைத்துவிட்டார் என்பது வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்டது. அடுத்த மாதம் உண்மையான போரில் 4 விமானந்தாங்கிகளை அவர்கள் இழந்தார்கள்.

2002-இல் அமெரிக்கா சுமார் 25 கோடி டாலர் செலவில் நடத்திய மில்லேனியம் சேலஞ்ச் பயிற்சியில், எதிர்த்தரப்புத் தலைவராக ஆடிய ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்க முடியாதபடி மோட்டார் சைக்கிள் தூதுவர்கள் வழியாகக் கட்டளை அனுப்பி, திடீர்த் தாக்குதலில் 16 கப்பல்களை மாதிரிக் களத்தில் மூழ்கடித்தார். கப்பல்கள் மீண்டும் மிதக்கவைக்கப்பட்டு ஆட்டம் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான படையினரைத் திரட்டியிருக்கும்போது மீண்டும் தொடங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன். பயிற்சி நடந்தாக வேண்டும். ஆனால் அதன்பின் எதிர்த்தரப்பின் கைகளைக் கட்டிவிட்டு, கிடைத்த வெற்றியைக் கோட்பாட்டுக்கான சான்றாகக் கொள்வது ஏற்கத்தக்கதல்ல. பயிற்சியும் சோதனையும் வேறு நோக்கம் கொண்டவை. ஒரே நிகழ்வில் இரண்டையும் நடத்தும்போது முதலில் பலியாவது சோதனைதான்.

உங்கள் திட்டத்துக்குப் படையினர் தேவையில்லை. நம் மலையே போதுமான களத்தைத் தருகிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் மண்சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியொரு இரவை மாதிரியாக எடுங்கள். மேட்டுப்பாளையம் சாலை பர்லியாறு அருகே அடைபட்டிருக்கிறது. கோத்தகிரி சாலை திறந்திருக்கிறதா என்பது தெரியாது. கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து உதவி கேட்டு அழைப்புகள் வருகின்றன. மூடுபனியில் எதிரே வருவது தெரியவில்லை. ஆடுபவர் குன்னூர்க் கட்டுப்பாட்டு அறையின் தலைவர். அவரிடம் ஒரு சில ஜே.சி.பி. வண்டிகளும், தீயணைப்பு வண்டிகளும், ஆம்புலன்ஸ்களும், வெலிங்டனிலிருந்து வரும் ஒரு படைப்பிரிவும் உள்ளன. பக்கத்து அறையில் உண்மை வரைபடத்தோடு நடுவர் இருப்பார். செய்திகள் துண்டுச் சீட்டுகளாக வரட்டும். சில தாமதமாக, சில தவறாக, சில ஒரே நிகழ்வை இரு பெயர்களில் சொல்வனவாக. பாதிப் பேருக்குச் செய்திகள் அனைத்தும் வந்தபடியே போகட்டும். மீதிப் பேருக்கு ஓர் உதவியாளர் தொகுத்துத் தரட்டும். நிறுத்தும் நேரங்களை ஆடுபவர் ஊகிக்காதபடி மாற்றி வையுங்கள். கேள்விகள் மூன்று அடுக்குகளிலிருந்தும் வரட்டும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

ஆடுவதற்குத் தீயணைப்பு, வருவாய், காவல் துறைகளிலும் தோட்ட நிர்வாகத்திலும் அனுபவமுள்ளவர்களை அழைக்கலாம். அத்தகையவர்கள் குறைவாகவே கிடைப்பார்கள். எனவே, சராசரிகளை மட்டும் நம்பாமல், ஒவ்வொருவருடைய ஆட்டத்தையும் நிமிட வாரியாக விரித்து எழுதுங்கள். ஒருவர் இரண்டாம் முறை ஆடும்போது சரிவு எங்கே என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆகவே முதல் ஒத்திகையை வகுப்புத் தோழர்களை வைத்து நடத்தி, குழப்பமான கேள்விகளையும் நடுவரால் விடை சொல்ல முடியாத கேள்விகளையும் நீக்கிய பிறகே அனுபவசாலிகளை அழையுங்கள். கேள்வித்தாளின் முதல் வரைவு தயாரானதும் அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.